புது அணிக்கு வந்த குவார்ட்டர்பேக்கை எப்படி எடைபோடுவது?

கேள்வி இதுதான்: மகள் படிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்கு, சிறிய கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் லீக்) ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டிரான்ஸ்ஃபர் ஆகி வந்திருக்கிறார். போன சீசனில் 31 டச்டவுன் பாஸ் (எதிரணி எல்லைக்குள் பிடிபட்டுப் புள்ளி தந்த பாஸ்), 9 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்). கேம்பஸில் ஒரே கொண்டாட்டம். இவரை நம்பலாமா? எண்களைத் தாண்டி எதைப் பார்க்க வேண்டும்?

அந்த 31-ல் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அவர் விட்டுவந்த அணியுடையது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். குவார்ட்டர்பேக்கின் பெயரில் எழுதப்படும் கணக்கில் அவரைக் காக்க முன்னால் நிற்கும் ஐந்து லைன்மேன்களின் உழைப்பு இருக்கிறது, ஓடிப் பிடிக்கும் ரிசீவர்களின் வேகம் இருக்கிறது, ஆட்டத்தை வகுத்துக் கொடுக்கும் கோஆர்டினேட்டரின் மூளை இருக்கிறது, எதிரணி டிஃபென்ஸ் எவ்வளவு பலவீனம் என்பதும் இருக்கிறது. அணி மாறும்போது இவற்றில் பெரும்பாலானவை பழைய ஊரிலேயே தங்கிவிடும். கூட வருவது அவருடைய கை, கால், கண், முடிவெடுக்கும் நிதானம், அவ்வளவுதான்.

முதலில் கொஞ்சம் பின்னணி. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது அணி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல், 2018 அக்டோபரில் வந்தது. அதற்கு முன்பு பெரிய கல்லூரி அணி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பெரும்பாலும் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும். பேக்கர் மேஃபீல்டும் கைலர் மரேயும் ஓக்லஹோமாவுக்கு வந்து அப்படி உட்கார்ந்தவர்கள்தான். பட்டம் முடித்துவிட்டு மாறுபவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 2021-ல் ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம் என்றார்கள். 2024-ல், படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2017 முதல் 2025 வரை ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குக் கொடுக்கப்பட்ட ஒன்பது ஹைஸ்மன் விருதுகளில் ஆறு, வேறு அணியிலிருந்து வந்த குவார்ட்டர்பேக்குகளுக்குப் போயிருக்கிறது: மேஃபீல்ட், மரே, ஜோ பரோ, கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், ஃபெர்னாண்டோ மெண்டோசா. 2025 ஜனவரியில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் இரண்டு பக்கமும் டிரான்ஸ்ஃபர் குவார்ட்டர்பேக்தான்: ஓஹையோ ஸ்டேட்டுக்கு வில் ஹோவர்ட், நோட்ர டேமுக்கு ரைலி லெனர்ட். அடுத்த வருஷமும் அதே கதை. ஆகவே உங்கள் அணி செய்தது விபரீதம் ஒன்றும் இல்லை. இன்று இதுதான் நடைமுறை.

இனி விஷயத்துக்கு வருவோம். ஜோ பரோவின் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். எண்களை மட்டும் நம்பினால் எப்படித் தவறவிடுவோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஓஹையோ ஸ்டேட்டில் மூன்று வருஷம் இருந்து அவர் எறிந்தது மொத்தம் 39 பாஸ். அவ்வளவுதான். 2017 ஆகஸ்டில் எறியும் கையில் எலும்பு முறிந்தது, அந்த இடைவெளியில் டுவேன் ஹாஸ்கின்ஸ் முந்திக்கொண்டார். 2018 மே மாதம், வசந்தகாலப் பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு, பரோ லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்எஸ்யூவுக்குப் போனார். முதல் சீசனில் 16 டச்டவுன், 57.8 சதவீதம் பாஸ்கள் மட்டுமே கைக்குப் போய்ச் சேர்ந்தன. இந்த இரண்டு எண்களைப் பார்த்தவர்கள் 'சுமாரான ஆள்' என்று ஒதுக்கினார்கள். அதே சீசனில் 379 பாஸ் எறிந்து வெறும் 5 முறைதான் எதிரணி கையில் கொடுத்தார் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. சீசனின் கடைசி ஆட்டம் 2019 புத்தாண்டு நாளில் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக (யூசிஎஃப்) அணியோடு. ஆரம்பத்திலேயே ஒரு இன்டர்செப்ஷன், எதிரணிக்காரர் அதைத் திருப்பி ஓடி டச்டவுனே போட்டுவிட்டார், அந்த ஓட்டத்தில் பரோவுக்கு விழுந்த அடி பார்க்கவே பயங்கரம். எழுந்து வந்து 394 யார்டு, 4 டச்டவுன் எறிந்து 40-32 என்று ஜெயித்துக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் தொழில்முறை அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் கோச் வந்தார். ஆட்ட முறையே மாறியது. ரிசீவர்கள் ஜஸ்டின் ஜெஃபர்சன், ஜமார் சேஸ் இருவரும் முதிர்ந்துவிட்டிருந்தார்கள். பரோ 60 டச்டவுன், 76.3 சதவீதம், தோல்வியே இல்லாத 15 ஆட்டம், தேசிய சாம்பியன். ஒரே மனிதர், ஒரே கை. 57.8-ஐப் பார்த்து அவரை ஒதுக்கியவர்கள், 2018-ல் எல்எஸ்யூவின் பழைய பாணி ஆட்டத்தைத்தான் அளந்தார்கள். அந்த 5 இன்டர்செப்ஷனும், அடி வாங்கி எழுந்ததும்தான் அவருடைய சொந்தச் சொத்து. அவைதான் அடுத்த வருஷத்துக்கும் கூட வந்தன.

அந்த 2019 சீசனில் ஒரு ஆட்டத்தை மட்டும் நெருங்கிப் பாருங்கள். செப்டம்பர் 7, ஆஸ்டின் நகரில் டெக்சஸோடு மோதல். கடைசி மூன்று நிமிஷத்துக்கும் குறைவு, எல்எஸ்யூ 6 புள்ளி முன்னிலை. மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேற நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன்), இங்கே 17 யார்டு வேண்டும். அந்த நிலையில் எந்த கோச்சும் பந்தை ஓடவிட்டுக் கடிகாரத்தைக் கரைக்கத்தான் நினைப்பார். எல்எஸ்யூ பாஸ் எறியத் துணிந்தது. டெக்சஸ் ஆட்களைக் கொட்டி ரஷ் செய்தது, அதாவது அவரை மடக்கப் பாய்ந்தது. பரோ பின்னால் ஓடவில்லை. வந்த ஆட்களைத் தவிர்த்து முன்னால் நகர்ந்தார், கண் மைதானத்தின் நடுவிலேயே இருந்தது, ஓடிக்கொண்டிருந்த ஜெஃபர்சனுக்கு எறிந்தார். 61 யார்டு டச்டவுன். ஆட்டம் 45-38.

டிரான்ஸ்ஃபர் குவார்ட்டர்பேக்கிடம் நான் முதலில் தேடுவது இந்த ஒன்றைத்தான்: நெருக்கடி வரும்போது கால் எங்கே போகிறது, கண் எங்கே போகிறது. உங்கள் ஆளின் பழைய ஆட்டம் ஒன்றை முழுதாக யூடியூபில் போடுங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் நல்லது மட்டும்தான் இருக்கும். பந்தைப் பார்க்காதீர்கள், குவார்ட்டர்பேக்கின் இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து கைக்கு வந்து ஆட்டம் தொடங்கியதும், பின்வாங்கி, பின்னங்காலை ஊன்றுவார். அங்கே எறிய இடம் கிடைக்கவில்லை என்றால் அடுத்து என்ன? தேறியவர் என்றால் ஒரு சின்ன அடி முன்னால் எடுத்துவைப்பார், இரண்டு கையும் பந்தின்மேல் இருக்கும், தலை நிமிர்ந்தே இருக்கும். ஓரத்தில் வளைந்து வரும் டிஃபெண்டர் அவருக்குப் பின்னால் கடந்துபோய்விடுவார். தேறாதவர் பின்னாலேயே நழுவுவார், முட்ட வரும் ஆட்களைப் பார்க்கத் தலை தாழும், பந்து ஒரு கைக்கு மாறும். அந்த நொடியில் ரிசீவர் யாராவது தனியாக நின்றால்கூட அவர் கண்ணில் படாது. பலம் குறைந்த எதிரணியிடம் இந்தப் பழக்கம் தண்டனையில்லாமல் தப்பிவிடும். ரஷ் செய்பவர் இரண்டு அடி பின்தங்கி வருவார், குவார்ட்டர்பேக் வெளியே ஓடி அழகாக ஒன்றை எறிவார், அது ஹைலைட்ஸில் வரும். பெரிய கான்ஃபரன்ஸில் அந்த இரண்டு அடி இருக்காது.

இதனால்தான் சாக் (எறியும் முன்பே குவார்ட்டர்பேக் பந்தோடு மடக்கப்படுவது) கணக்கை லைன்மேன்கள் தலையில் மட்டும் கட்டக்கூடாது. நெருக்கடி எத்தனை முறை வந்தது என்பதில் லைனுக்குப் பெரிய பங்கு உண்டு. வந்த நெருக்கடியில் எத்தனை சாக்காக முடிந்தது என்பது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கின் கையில். பந்தை எப்போது வெளியே எறிந்து அடுத்த டவுனுக்குப் போவது என்று தெரிந்தவரிடம் அந்த விகிதம் குறைவாக இருக்கும், அணி மாறினாலும் அது பெரிதாக மாறாது. கல்லூரி ஃபுட்பாலில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சாக்கில் இழந்த யார்டுகளை குவார்ட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கிறார்கள். தொழில்முறை என்எஃப்எல்லில் அப்படிச் செய்வதில்லை. ஆக ஒருவருக்கு வருஷத்தில் 50 யார்டுதான் ஓட்டம் என்று பார்த்து 'இவருக்கு ஓடத் தெரியாது' என்று முடிவுகட்டாதீர்கள். 300 யார்டு ஓடி, 250 யார்டு சாக்கில் இழந்திருக்கலாம். இரண்டும் வெவ்வேறு செய்தி.

அடுத்து அந்த 31 டச்டவுனை ஆட்டம் ஆட்டமாகப் பிரியுங்கள். செப்டம்பரில் கீழ்மட்ட டிவிஷன் அணியை வரவழைத்து 50 புள்ளி போடும் ஆட்டம் ஒன்று எல்லோருக்கும் இருக்கும். அதைத் தூக்கிவிடுங்கள். அவருடைய பழைய அணி பெரிய அணிகளோடு மோதிய ஆட்டங்களை மட்டும் தனியாக எடுங்கள். எனக்கு அந்த இரண்டு மூன்று ஆட்டம் மீதி பத்தைவிட முக்கியம், அதிலும் அணி பின்தங்கியிருந்த நேரம், மூன்றாவது டவுனில் ஏழு யார்டுக்கு மேல் வேண்டிய நேரம். அங்கே எதிரணிக்குப் பாஸ் வரப்போகிறது என்று தெரியும், ஒளிக்க ஒன்றும் இல்லை. அப்புறம் யார்டுகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். பின்னாலேயே நிற்கும் ஓட்டக்காரருக்கு ஸ்க்ரீன் என்னும் குட்டைப் பாஸ் கொடுத்து அவர் 40 யார்டு ஓடினாலும் குவார்ட்டர்பேக் கணக்கில் 40 யார்டுதான். 15 யார்டு தாண்டி, இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவில் சரியான நேரத்தில் போட்ட பந்தும் அதே கணக்கில்தான் சேரும். பின்னதுதான் அவரோடு ஊர் மாறி வரும்.

ஆட்ட முறை பொருந்துகிறதா என்பது அடுத்த கேள்வி, இதில்தான் அணிகள் அதிகம் சறுக்குகின்றன. வேக் ஃபாரஸ்டில் சாம் ஹார்ட்மன் 2022-ல் 38 டச்டவுன் எறிந்தார். அந்த அணிக்கு அப்போது ஒரு தனி வித்தை இருந்தது: குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரின் வயிற்றில் வைத்தபடியே இருவரும் மெதுவாக முன்னேறுவார்கள், எதிரணி லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்) எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துவிட்டு, கொடுப்பதா எறிவதா என்று முடிவு செய்வார். வேறு யாரும் அவ்வளவு நிதானமாக அதை ஆடியதில்லை. 2023-ல் நோட்ர டேமுக்கு வந்தார். அங்கே வழக்கமான ஆட்ட முறை. 24 டச்டவுன், 8 இன்டர்செப்ஷன். மோசம் இல்லை, அணியும் பத்து ஆட்டம் ஜெயித்தது. ஆனால் 38-ஐ எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அந்த வித்தியாசத்தில் பெரும் பகுதி ஹார்ட்மனின் குறை என்று நான் நினைக்கவில்லை. அவருடைய எண்களில் ஒரு பங்கை அந்த வித்தை போட்டுக்கொண்டிருந்தது.

மறுபக்கம், பழைய கோச்சோடு மறுபடி சேரும் ஆளுக்கு நான் தயங்காமல் கூடுதல் மார்க் போடுவேன். போ நிக்ஸ் ஆபர்னில் மூன்று வருஷம் ஏற்ற இறக்கமாக ஆடினார். 2022-ல் ஆரிகனுக்குப் போனபோது, ஆபர்னில் முதல் வருஷம் அவருக்குக் கோஆர்டினேட்டராக இருந்த கென்னி டில்லிங்ஹாம் அங்கே இருந்தார். முறை அந்நியமில்லை, பேச்சு அந்நியமில்லை. டில்லிங்ஹாம் ஒரு வருஷத்தில் வேறு இடம் போய்விட்டார், ஆனால் நிக்ஸ் நிமிர்ந்துவிட்டார். 2023-ல் 77.4 சதவீதம் என்று கல்லூரிச் சாதனையே படைத்தார், 45 டச்டவுனுக்கு 3 இன்டர்செப்ஷன். கேலப் வில்லியம்ஸ் ஓக்லஹோமாவிலிருந்து சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (யூஎஸ்சி) போனது அவருடைய கோச் லிங்கன் ரைலி போன வழியில்தான். அந்த முதல் வருஷமே ஹைஸ்மன்.

மைக்கேல் பெனிக்ஸ் கதை எனக்கு மிகவும் பிடித்தது. இந்தியானாவில் நாலு சீசன், நாலும் காயத்தில் முடிந்தது. வலது முழங்கால் இரண்டு முறை, தோள்பட்டைப் பகுதி இரண்டு முறை. காகிதத்தில் பார்த்தால் எந்த அணியும் தொடாது. ஆனால் 2019-ல் இந்தியானாவில் அவருக்குக் கோஆர்டினேட்டராக இருந்த கேலன் டிபோர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கோச் ஆகியிருந்தார். உடம்பு நல்ல நிலையில் இருந்தபோது இந்தக் கை என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர். கூப்பிட்டார். பெனிக்ஸ் இரண்டு சீசன், 28 ஆட்டம், ஒன்றுகூட விடாமல் ஆடினார். 2022-ல் 4,641 யார்டு, 2023-ல் 4,903. காரணத்தை அவர் முன்னால் நின்றவர்களிடமும் தேட வேண்டும்: நாட்டிலேயே சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருது 2023-ல் அந்த அணிக்குத்தான் கிடைத்தது. 2024 புத்தாண்டில் டெக்சஸுக்கு எதிராக 430 யார்டு எறிந்தார். ஒரு வாரத்தில் இறுதிப் போட்டியில் மிஷிகன் அந்த லைனை உடைத்து நெருக்கியது. 51 பாஸில் 27, இரண்டு இன்டர்செப்ஷன், 34-13 தோல்வி. ஒரே வாரத்தில் கை மாறிவிடவில்லை. காயப் பட்டியலைப் பார்க்கும்போது 'எத்தனை முறை' என்பதோடு 'யார் முன்னால் நின்றார்கள்' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஏமாற்றிய உதாரணமும் சொல்லத்தான் வேண்டும். டிஜே உயங்கலலே கிளெம்சனில் ஆடி, 2023-ல் ஆரிகன் ஸ்டேட் போய், 21 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன் என்று மீண்டு வந்தது போலத் தெரிந்தது. ஆனால் அங்கே பலமான லைன், பந்தை ஓடியே முன்னேறும் ஆட்டம், அவருக்குச் சுமை குறைவு. அப்படியிருந்தும் 57 சதவீதம் பாஸ்தான் சேர்ந்தது. 2024-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் அவரை எடுத்தது. முந்தைய வருஷம் லீக் ஆட்டம் எதிலும் தோற்காத அணி, ஆனால் கியான் கோல்மன், ஜானி வில்சன், ட்ரே பென்சன் எல்லோரும் என்எஃப்எல்லுக்குப் போய்விட்டிருந்தார்கள். முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. ஐந்து ஆட்டத்தில் 4 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன், பிறகு கையில் காயம், சீசன் முடிந்தது. அணி 2-10. அவரை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம், அவருக்குப் பின் வந்தவர்களாலும் அந்த அணியைத் தூக்க முடியவில்லை. எடுத்தவர்கள் 21-ஐப் பார்த்தார்கள், 57-ஐப் பார்க்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

சிறிய இடத்திலிருந்து வருவதாலேயே தயங்க வேண்டாம். கேம் வார்ட் இன்கார்னெட் வேர்ட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர். பள்ளிக்கூடத்தில் பாஸே அதிகம் எறியாத ஆட்ட முறை என்பதால் பெரிய அணிகள் கண்டுகொள்ளவில்லை. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், அங்கிருந்து மயாமி. 2024-ல் 39 டச்டவுன், அடுத்த வருஷ என்எஃப்எல் டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆள். ஒவ்வொரு படியிலும் எதிரணி பலமானது, அவருடைய இன்டர்செப்ஷன் ஏறவில்லை. மெண்டோசாவும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2024-ல் 16 டச்டவுன் மட்டும் எறிந்தவர், அடிக்கடி சாக் ஆனவர். ஆனால் 68.7 சதவீதம் பாஸ் சேர்த்தவர். நல்ல லைன் இருந்த இந்தியானா அந்த 68.7-ஐ நம்பியது. 2025 சீசனில் தோல்வியே இல்லாமல் தேசிய சாம்பியன்.

எப்போது வந்தார் என்றும் விசாரியுங்கள். ஜனவரியில் சேர்ந்திருந்தால் வசந்தகாலப் பயிற்சி 15 நாளும் புது ரிசீவர்களோடு கிடைக்கும். கோடையில் வந்தவருக்கு ஆகஸ்ட் முகாம்தான் எல்லாம். ஜேடன் டேனியல்ஸ் அரிசோனா ஸ்டேட்டில் கடைசி வருஷம் 10 டச்டவுனுக்கு 10 இன்டர்செப்ஷன் எறிந்தவர், 2022-ல் எல்எஸ்யூ வந்து 17 டச்டவுன் போட்டார். பந்தைச் சீக்கிரமே மடக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார் என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுப்பில் நியாயமும் இருந்தது. அடுத்த வருஷத்துக்குத் தயாராக, விர்ச்சுவல் ரியாலிட்டி கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு, நிஜத்தைவிட வேகமாக ஓடும் டிஃபென்ஸைப் பார்த்துப் பழகினார். 2023-ல் 40 டச்டவுன், 4 இன்டர்செப்ஷன், அதோடு 1,134 யார்டு ஓட்டம், ஹைஸ்மன். உங்கள் ஆளுக்கு இரண்டு சீசன் பாக்கி இருக்கிறதா, ஒன்றுதானா என்பது இதனால்தான் முக்கியம்.

எவ்வளவு பணம் கொடுத்து எடுத்தார்கள் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அது சந்தை நிலவரம், ஆளின் திறமையைப் பற்றி அதிகம் சொல்லாது.

உங்கள் ஆளுக்கே வருகிறேன். 31-க்கு 9 என்பது எனக்குப் பயம் தரவில்லை. அந்த 9-ல் எத்தனை, அணி நிறையப் பின்தங்கியபோது துணிந்து எறிந்தவை, எத்தனை சாதாரண முதல் டவுனில் கவனமில்லாமல் எறிந்தவை என்று பாருங்கள். இரண்டாவது வகை ஐந்தாறு இருந்தால் பெரிய கான்ஃபரன்ஸில் அது பத்தாகும். செப்டம்பரில் முதல் மூன்று ஆட்டத்தில் டச்டவுனை எண்ண வேண்டாம். ஸ்னாப்புக்கு முன்னால் அவர் லைன்மேன்களைக் கைகாட்டி இடம் மாற்றுகிறாரா, அல்லது ஒவ்வொரு முறையும் ஓரத்தில் நிற்கும் கோச்சைத் திரும்பிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நேரம் தீர்ந்து ஐந்து யார்டு அபராதம் வாங்குவது, அவசரத்தில் டைம்அவுட்டை வீணாக்குவது, இவை முதல் ஆட்டத்தில் இருந்தால் இயல்பு, மூன்றாவதிலும் தொடர்ந்தால் புது ஆட்ட முறை இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை. அதே மூன்றாவது ஆட்டத்தில் ரஷ் வரும்போது அவர் முன்னால் அடியெடுத்துவைத்து எறிகிறார் என்றால், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் சரி, மகளிடம் நவம்பர் ஆட்டங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.